ஆகாயத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிலோமினா அம்மாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். விடுதியில் இருந்த காலத்திலும் நான் அதிகம் பேசியவள் அல்ல. இப்போது அரியலூரில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர்களின் விண்ணப்பங்களை நிரப்பித்தான் எனக்குப் பழக்கம். முப்பதாம் நாள் பூசையன்று கொடுக்கப்போகும் சிறு நினைவு மலரில் விடுதிப் பெண்கள் சார்பில் யாராவது எழுத வேண்டும் என்று அம்மாவின் தம்பி கேட்டிருந்தார். வேறு யாராவது எழுதுவார்கள் என்று நான் சும்மா இருந்தேன். மற்றவர்களும் அப்படியே சும்மா இருந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது ஒரு பெரியவர் என் முன்னால் கைரேகை வைத்துக்கொண்டிருந்தார். வெயிலிலும் மண்வேலையிலும் தேய்ந்துபோன விரல். கருவி அதை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த கைப்பேசியில் விடுதிக் குழுவில் கௌசல்யா எழுதியது தெரிந்தது: ‘வார்டம்மா போயிட்டாங்க. ஏலாக்குறிச்சியில, தம்பி வூட்டுல. காலையில.’ பெரியவர், “இப்ப சரியா வுழுந்துச்சாம்மா?” என்று கேட்டார். விழுந்துவிட்டது என்று சொல்லி ரசீதைக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு மையத்தின் பின்பக்கம் போய், தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அம்மாவை அறியாதவர்கள் கையிலும் இந்த மலர் போய்ச் சேரலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குப் பிலோமினா அம்மா வார்டன். நாங்கள் வார்டம்மா என்று கூப்பிட்டோம். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் வலி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கையில் மீன் பை இருக்கும். யாராவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் போதும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கௌசல்யாவைப் பார்த்து, “நீ நர்சா, நோயாளியா? ஒரு முடிவுக்கு வாடி” என்பார். என்னிடம் அப்படி ஏதும் சொன்னதில்லை. நான் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்பதைக் கவனித்து, கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டுவிடுவார்.

விடுதிக்கு மூன்று மாடி. அதற்கு மேலே மொட்டைமாடி. அந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். எதிர்க் கட்டடத்தில் பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள் என்பதால் அது ஓனர் சாரின் உத்தரவு. துணி காயப்போடுவதும் கொல்லைப்பக்கம்தான். நான் சேர்ந்த நாளில் என் அப்பாவிடம் விடுதியைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் நல்ல விஷயமே அந்தப் பூட்டுதான். குன்னத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்ததும், வெளியூரில் தங்கிச் சம்பாதிக்கப் போனதும் முதலில் நான்தான். அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நிம்மதியாக பஸ் ஏறினார்.

ராக்கெட் பேச்சைக் கொண்டுவந்தது கௌசல்யா. அவள் ஊர் திருமானூர்ப் பக்கம். ஸ்ரீஹரிகோட்டாவில் விடுகிற ராக்கெட் கரும்புக்கொல்லை வரப்பில் நின்றாலே தெரியும் என்று அவள் சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. அவ்வளவு தூரத்தில் விடுவது இங்கே எப்படித் தெரியும்? இருட்டுகிற நேரத்தில் விட்டால் தெரியும், சிவப்பு நட்சத்திரம் மாதிரி ஏறும் என்று அடித்துச் சொன்னாள். அந்த வாரம் சாயங்காலம் ஒன்று விடுவதாக இருந்தது. மாடியைத் திறக்கச் சொல்லி வார்டம்மாவிடம் போய் நின்றோம். நான் கடைசியில் நின்றேன்.

வார்டம்மா காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டார். “மாடி வேணும்னு கேட்டா தர மாட்டேன். ராக்கெட்டு பாக்கணும்னு கேளுங்க, எப்படின்னு பாப்போம்” என்றார்.

அது அவருடைய வழக்கம் என்று பின்னால் புரிந்துகொண்டோம். கூடாது என்கிற சொல் அவர் வாயில் வராது. கேட்டதைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து, செய்யக்கூடியதாக மாற்றிவிடுவார். ஓனர் சாரிடம் போனில் வெகுநேரம் பேசினார். வார்டன் கூடவே இருக்க வேண்டும், எல்லோரும் இறங்கும்வரை இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையோடு சம்மதம் வந்தது. கூடவே இருப்பது என்றால் அந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறுவது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்து, எழுந்து, “மாதாவே” என்று மூச்சு விட்டு, மறுபடி ஏறினார். ராக்கெட்டுக்கு நேரமாகிறதே என்று நாங்கள் தவித்தபோது, “அதுக்கென்ன, நெருப்பு வச்சா ஏறிடும். எனக்கு யாரு வைக்கறது?” என்றார்.

முதல் நாள் நாங்கள் செய்த தவறை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கைப்பேசியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்ததும் எல்லோரும் நிமிர்ந்து தலைக்கு நேர் மேலே பார்த்தோம். ஒன்றும் இல்லை. திரையில் அது புகை கக்கிக்கொண்டு போகிறது. எங்கள் ஆகாயத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று ஒருத்தி படிக்கட்டுப் பக்கம் நடக்கவே தொடங்கிவிட்டாள். கௌசல்யா மட்டும் சென்னை பஸ் போகிற திசையைக் காட்டி, “இருங்கடி, அது ஏறி வரணும்ல” என்றாள். அத்தனை தூரத்தில் இருப்பவர்களுக்கு அது பூமியின் வளைவைத் தாண்டி எழும்பினால்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரத்துக்கு வலப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது. சத்தமே இல்லை. நிதானமாக ஏறி, கிழக்கே சாய்ந்து, போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து வார்டம்மாவின் குரல் மட்டும் கேட்டது: “உள்ள ஆளு இருக்காங்களாடி?” இல்லை என்றோம். “இருந்தாலும் இல்லன்னாலும் நல்லபடியா போய்ச் சேரட்டும்” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் நாற்காலியை எங்களுக்குப் பின்னால், நேர் எதிர்த் திசையில் போட்டிருந்தார். ஆகாயத்துக்கு முதுகு, எதிர்க் கட்டடத்துக்கு முகம். மடியில் ஒரு டார்ச். அங்கே மாடியில் பையன்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தால் வெளிச்சம் பாயும். “தம்பிவளா, ராக்கெட்டு மேல போவுது. அண்ணாந்து பாருங்க” என்பார். அவர்களும் கூச்சத்தோடு அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படித்தான் அவர்களும் ராக்கெட் பார்த்தார்கள். அடுத்தடுத்த தடவைகளில் டார்ச் இல்லாமலே அண்ணாந்து நின்றார்கள். நம்மை யாரும் பார்க்காமல் இருப்பது எவ்வளவு இலேசான விஷயம் என்று எனக்கு அந்த மாடியில்தான் தெரிந்தது. நான் அங்கே கையை வீசி நின்றிருக்கிறேன். ஒருமுறை சத்தமாகச் சிரித்தும் இருக்கிறேன்.

இனி சொல்லப்போவது விடுதியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று எனக்குள் என்ன ஓடியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் ராக்கெட் வரவில்லை. எண்ணிக்கொண்டே வந்து, கடைசி நேரத்தில் ஏதோ கோளாறு என்று நிறுத்திவிட்டார்கள். மறுநாள் விடுவதாக அறிவித்தார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் இருட்டில் நின்று பேசிவிட்டு இறங்கினோம். அந்தக் கொஞ்ச நேரத்தை வேறு ஏதோ ஒரு மாடியிலிருந்து யாரோ கைப்பேசியில் பிடித்து, இருட்டில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள் என்று கிண்டலாக ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டார்கள். அது எப்படியோ குன்னத்தில் இருக்கும் என் பெரியப்பா வரை போயிற்று. நின்ற விதத்தை வைத்து என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா வந்துவிட்டார். கையில் ஒரு கட்டைப் பை, காலியாக. என் துணிமணிகளை எடுத்துப் போவதற்கு என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அடுத்த பேச்சு மாப்பிள்ளையைப் பற்றியதாகத்தான் இருக்கும். இதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கதவோரம் நின்றேன்.

வார்டம்மா அவருக்குக் காபி கொடுத்து வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். அப்பா உட்கார்ந்தபடியே சொன்னார். “புள்ளைய கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேங்க.”

“உங்க புள்ள. தாராளமா கூட்டிட்டுப் போங்க. என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் போங்க.”

“ராக்கெட்டு பாக்கப் போனோம்னு சொல்லுது. நேத்து ராக்கெட்டே வுடலீங்களே. டீக்கடை டிவியில நானே பாத்தேன். அப்ப இருட்டுல மாடியில என்னங்க வேல?”

வார்டம்மா வாதாடவில்லை. வராத ராக்கெட்டைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “நீங்க கேக்கறது நியாயந்தான்” என்றார். அதன் பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இன்னிக்கு சாயங்காலம் வுடறாங்களாம். அதுவரைக்கும் இருங்கண்ணே. வந்துச்சுன்னா நீங்களே பாருங்க. வரலன்னா அந்தப் பைய நானே தூக்கிட்டு வந்து உங்க ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி வுடறேன்.”

அப்பா சம்மதித்தார். அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன். அப்போது ஒரு பரிசோதனை நிலையத்தில் கணினியில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை. அன்று யாருக்கு என்ன சர்க்கரை அளவு அடித்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி சரிபார்த்தேன். இடையில் ஜன்னல் வழியாக மேகம் இருக்கிறதா என்று பார்த்தேன். கடலோரத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்த ராக்கெட்டைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். பெரம்பலூரில் ஒருத்தியின் வேலை அதில் ஏறியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

சாயங்காலம் வந்தபோது அப்பா வாசல் பெஞ்சில் அதே இடத்தில் இருந்தார். விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாது என்பது சட்டம். வார்டம்மா ஒவ்வொரு அறையாகப் போய், “ஒரு அப்பா மேல வர்றாரு. யாருக்காவது சங்கடமா?” என்று கேட்டுவிட்டு வந்தார். யாரும் சங்கடம் என்று சொல்லவில்லை. ஓனர் சாரிடம் அவர் கேட்கவில்லை. அப்பா வார்டம்மாவின் நாற்காலியை, மூட்டை தூக்குகிற பழக்கத்தில், தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். வார்டம்மா உட்காருகிற இடத்திலெல்லாம் தானும் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

மேலே போனதும் அப்பா ஆகாயத்தைப் பார்க்கவில்லை. அவர் வந்ததே எதிர்க் கட்டடத்தைப் பார்க்கத்தான். கைப்பிடிச் சுவரோரம் நின்று அந்த மாடியையே முறைத்துக்கொண்டிருந்தார். பையன்கள் பாவம், ஏற்கெனவே அண்ணாந்துதான் நின்றிருந்தார்கள். அப்பாவுக்கு அவர்களுடைய தாடை மட்டுமே கிடைத்தது.

“அண்ணே, அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. நீங்க அந்தப் பக்கம் பாருங்க” என்றார் வார்டம்மா.

அப்பா அரைமனதாகத் திரும்பினார். அன்று நேரலையை யாரும் போடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் கௌசல்யா என் கையை அழுத்தியபோது திறந்தேன். சிவப்புப் புள்ளி மேலே வந்துவிட்டிருந்தது. அன்றைக்கு இன்னும் முழுக்க இருட்டவில்லை. அதன் பின்னால் வெள்ளையாக ஒரு வால் விரிந்தது. நமக்கு மறைந்துவிட்ட சூரியன் அதற்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது போல மின்னியது.

அப்பா அதைக் கடைசிவரை பார்த்தார். அது கரைந்த பிறகு, “இம்புட்டுத்தானா?” என்றார்.

“இம்புட்டுத்தான் சித்தப்பா” என்றாள் கௌசல்யா.

“இத்தூண்டுக்கா இத்தன மாடி ஏறுனீங்க?” என்றார். ஆனால் நாங்கள் இறங்கத் தொடங்கிய பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வார்டம்மா கூப்பிட்ட பிறகுதான் வந்தார். காலிப் பையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். ஊரில் போய், ராக்கெட் விடுவதைத் தான் நேரில் பார்த்ததாக மண்டி முழுக்கச் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவிடமும் சொன்னாராம், கொஞ்சம் அழுத்தமாகவே. இப்போதெல்லாம் எப்போது விடுகிறார்கள் என்று எனக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்வது அவர்தான்.

ஆண் ஒருவர் மாடி ஏறிய செய்தி ஓனர் சார் காதுக்குப் போனது. அவர் நேரில் வந்து வெகுநேரம் கோபப்பட்டார். அவருடைய பொறுப்பு அவருக்கு; அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வார்டம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். “தப்புதான் சார். அடுத்த தடவ கேட்டுட்டு செய்றேன்” என்றார். அவர் போனதும் எங்களைப் பார்த்து, “செய்ய மாட்டேன்னு சொல்லல, கேட்டீங்கல்ல?” என்றார்.

அரியலூரில் வேலை கிடைத்து நான் விடுதியைக் காலி செய்த பிறகும் அவ்வப்போது போனில் பேசிக்கொண்டோம். அதிகம் பேசியது அவர்தான். சென்ற முறை ராக்கெட் விட்ட சாயங்காலம் நான் இங்கே ஒரு மாடியிலிருந்து பார்த்தேன். சிமெண்ட் ஆலை வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கலாக இருந்தது. விடுதியில் எப்படித் தெரிந்தது என்று கேட்க அவரைக் கூப்பிட்டேன். நன்றாகத் தெரிந்தது என்று பிள்ளைகள் சொன்னதாகச் சொன்னார். நீங்கள் பார்க்கவில்லையா என்றேன்.

“நான் எங்கடி பாத்தேன்? இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. முதுகுப் பக்கந்தான அது போவுது” என்று சிரித்தார். அப்படியென்றால் வந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எதிர் மாடியில நிக்கறானுவல்ல, அவனுவ இப்ப என் பக்கமே பாக்கறதில்ல, எனக்குப் பின்னால மேலயே பாப்பானுவ. எல்லாவனும் ஒண்ணா வாயப் பொளப்பானுவோ. ஓ, வந்துருச்சுன்னு நெனச்சுக்குவேன்.”

ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்கள் என்றேன். “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். அதற்கடுத்து ஒன்று விடுவதற்குள் நோயில் விழுந்து ஏலாக்குறிச்சிக்குப் போய்விட்டார். அடக்கத்தின்போது கோயில் வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். எதிர்க் கட்டடத்தில் இருந்த பையன்களில் இருவர்கூட வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே பெட்டியைத் தூக்க முன்னால் வந்து தோள் கொடுத்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பொருளாக எதுவும் இல்லை. மையத்தில் யாராவது வந்து முடியாத ஒன்றைக் கேட்கும்போது, முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, “எதுக்காகக் கேக்கறீங்க? எப்படின்னு பாப்போம்” என்று சொல்லப் பழகியிருக்கிறேன். சில சமயம் வழி கிடைக்கிறது. கிடைக்காதபோதும் வந்தவர்கள் என் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். இது அம்மாவின் குணம். என்னுடையதாக இன்னும் முழுக்க ஆகவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க எனக்கு வாய் வராது என்பதால்தான், உண்மையைச் சொன்னால், இதை எழுதவே ஒப்புக்கொண்டேன். ஓனர் சார், இந்த மலர் உங்களுக்கும் வரும் என்று தெரியும். கூடவே இருக்க ஆள் இல்லாததால் மாடியை இனித் திறப்பதில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதாக இப்போது அங்கே இருக்கும் பெண்கள் எழுதியிருந்தார்கள். புது வார்டனுக்குப் பழக்கமில்லை, தயங்குகிறார் என்றும் எழுதியிருந்தார்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெண்களில் யாரோ ஒருத்தி இப்போதுதான் ஊரிலிருந்து வந்திருப்பாள், கதவோரம் நின்றுகொண்டு. தயவுசெய்து திறந்துவிடுங்கள். ராக்கெட் விடும் நாட்களில் வேலை முடிந்ததும் அரியலூரிலிருந்து நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். எல்லோரும் கீழே இறங்கும்வரை இருக்கிறேன். நான் நிறையப் பார்த்துவிட்டேன், சார். எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.